பின்பக்கம் தொங்கும் பழைய மோட்டார்ஹோம்: கமான் பட்டையா, ஏர் பேக்கா?

கேள்வி:
என் சின்ன மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) இருபது வயது தாண்டிவிட்டது. தண்ணீரை நிரப்பிச் சைக்கிள்களையும் பின்னால் மாட்டினால் வால் தாழ்ந்துவிடுகிறது. வேகத்தடையில் பம்ப் ஸ்டாப் (அச்சு மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) ‘டம்’மென்று இடிக்கும், அலமாரித் தட்டுகள் எல்லாம் கச்சேரி வைக்கும். கூடுதல் கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் எஃகு வில் பட்டை) போடலாமா, ஏர் பேக் (அச்சுக்கு மேல் வைக்கும் காற்றடைத்த ரப்பர் பை) வைக்கலாமா?

பதில் 1:
முதலில் பயணச் சாமான்களோடு எடை மேடையில் ஏற்றி, பின் அச்சைத் தனியாக எடை போடுங்கள். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 3 மீட்டர், 100 லிட்டர் தொட்டி பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் என்றால், பின் அச்சில் ஏறுவது 100 கிலோ அல்ல, சுமார் 133. முன் அச்சில் 33 குறையும். தொட்டியைப் பாதியாக்கினாலே பாதி நோய் தீரும். ஏர் பேக் வண்டியைத் தூக்கும். அச்சின் அனுமதி எடையைக் கூட்டாது.

பதில் 2:
நான் பட்டை சேர்த்தேன். காலியாக ஓட்டினால் முதுகு போகிறது, அதனால் எனக்கு ஏர் பேக்தான் சரி என்று படுகிறது. இரண்டு பக்க ஏர் பேக்குகளுக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் விடுங்கள். ஒன்றாக இணைத்தால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். அப்புறம், பட்டையை அச்சோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்ப மாட்டாதீர்கள்.

பதில் 3:
பின் அச்சோடு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கிறதா பாருங்கள். உயரம் கூடினால் அது சுமை குறைந்ததாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மறுபடி சரிசெய்ய வேண்டும்.

கேட்டவர்:
வால்வு இருக்கிறது! சனிக்கிழமை எடை மேடை. சைக்கிள்கள் உள்ளே வந்துவிட்டன, மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.