சூப்பர் ஹீரோவுக்குக் கல்யாணம் ஆனா யாருக்கு என்ன நஷ்டம்?

மசிக்கறை:
2007-ல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸ் 'ஒன் மோர் டே' கதையை மறுபடி படித்த கடுப்பில் எழுதுகிறேன். மே அத்தை பிழைக்க வேண்டும் என்று மெஃபிஸ்டோ என்கிற சாத்தானிடம் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் தன் கல்யாணத்தையே கொடுத்துவிடுகிறான். 1987-ல் மேரி ஜேனோடு நடந்த கல்யாணம். விவாகரத்துகூட இல்லை, நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இவர்களுக்குக் குடும்பம் எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

பேனல்பித்தன்:
எழுத வராமல் இல்லை நண்பரே, எழுதினால் ஹீரோவுக்கு வயசாகிவிடும் என்கிற பயம். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா வெளிப்படையாகவே அந்தக் கட்சிதான். விவாகரத்து ஆனவன் என்றாலும் வயசு தெரியும். அதனால்தான் சாத்தானைக் கூப்பிட்டார்கள்.

ரெண்டாம்பதிப்பு:
அப்போ ஃபென்டாஸ்டிக் ஃபோர் டீம்ல இருக்கற ரீட், சூ ஜோடி? 1965-ல கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. நடுவுல சண்டை, பிரிவுன்னு எல்லாம் வந்தும் நிக்குது. ஃபென்டாஸ்டிக் ஃபோர யாரும் கிழவன் கதைன்னு சொல்லலையே ப்ரோ.

பேனல்பித்தன்:
அந்தப் புத்தகமே ஒரு குடும்பத்தின் கதை. பிரித்தால் புத்தகம் இருக்காது. பேட்மேனைப் பாருங்கள். 2018-ல் 50-ஆம் இதழில் கல்யாணம் என்று அமர்க்களமாக விளம்பரம் செய்துவிட்டு, மணப்பெண் செலினா (கேட்வுமன்) வராமலே முடித்தார்கள். சந்தோஷமான பேட்மேன் ராத்திரி ரோந்து போவானா?

மசிக்கறை:
இதெல்லாம் சால்ஜாப்பு. 1973-ல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழும் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். வலை காலைப் பிடித்துவிடுகிறது, ஆனால் கழுத்துப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஸ்னாப்'. அது நிஜமாகவே உலுக்கிய கட்டம். அதன்பின் அதையே தேய்த்துத் தேய்த்து, 1994-ல் கிரீன் லாண்டர்ன் என்கிற ஹீரோவின் வீட்டு ஃப்ரிட்ஜில் அவன் காதலியின் பிணம். இப்படிச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999-ல் பட்டியலே போட்டார். வயசுப் பயம் என்றால் காதலியை எதற்குக் கொல்ல வேண்டும்? ஹீரோவை அழவைக்க வேறு வழி தெரியாத சோம்பேறித்தனம்.

பழசுபிரியன்:
பேண்டமை எல்லாரும் மறந்துட்டீங்க. 1977-ல டயானாவோட கல்யாணம், நடத்தி வச்சது அவரை உருவாக்கின லீ ஃபாக்கே. அப்புறம் கிட், ஹெலாய்ஸ்னு இரட்டைக் குழந்தைங்க. இது எப்படி சாத்தியமாச்சு? அவர் 21-ஆவது பேண்டம். அப்பா செத்தா மகன் முகமூடி போடணும்ங்கறதுதான் கதையோட அஸ்திவாரமே. கல்யாணம் இல்லைன்னா 22-ஆவது ஆளுக்கு எங்க போறது? ஸ்பைடர்மேனுக்கு வாரிசு தேவையில்ல, அவரே எப்பவும் இளைஞரா இருந்தாகணும். அங்க பொண்டாட்டி பிள்ளைங்க வந்தா இடைஞ்சல்தான்.

ரெண்டாம்பதிப்பு:
சூப்பர்மேனும்தான் வயசாகாத ஆள். 1996-ல லோயிஸோட கல்யாணம், 2011-ல அவரை வெளியிடற டிசி நிறுவனம் எல்லாத்தையும் புதுசா ஆரம்பிச்சப்போ அழிச்சாங்க. 2016-ல ஜான்ங்கற மகனோட திரும்பக் கொண்டு வந்தாங்க. ரொம்ப நல்லாவும் இருந்துச்சு.

பேனல்பித்தன்:
அந்த ஜானை என்ன செய்தார்கள்? சின்னப் பையனாக விண்வெளிக்குப் போனவன், 17 வயசு வாலிபனாகத் திரும்பினான். பூமியில் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளை மாதாமாதம் வளர்ந்தால் அப்பாவுக்கும் நரைக்க வேண்டுமே!

மசிக்கறை:
அதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறேன்.

ரெண்டாம்பதிப்பு:
பையன் வளர்ந்தும் லோயிஸ் கூடவேதான இருக்காங்க? கல்யாணம் நிலைச்சுதா இல்லையா, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க ரெண்டு பேரும்.