மாத்திரையை நிறுத்தின பிறகும் பலன் நிற்குமா?

கறார்கண்ணன்: "ஆரம்பத்திலேயே இரண்டு வருடம் பிரஷர் மாத்திரை போட்டால் இதயமும் ரத்தக்குழாயும் நிரந்தரமாகத் திருந்திவிடும், அப்புறம் நிறுத்திவிடலாம்" என்று நாடிபிடி நேற்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். நம்பி எத்தனை பேர் நிறுத்தினார்களோ! 2006-ல் வந்த ட்ரோஃபி ஆய்வைத்தான் இவர் பிடித்துத் தொங்குகிறார்; பிரஷர் நோய் இன்னும் வராமல் விளிம்பில் நின்றவர்களை வைத்துச் செய்தது. கேண்டிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்ட இரண்டு வருடத்தில் உயர் ரத்த அழுத்தம் வந்தவர்கள் 13.6 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்காரர்களில் 40.4. பிரமாதம். நிறுத்தி இரண்டு வருடம் ஆனதும்? மருந்துக்காரர்களில் 53.2, வெற்று மாத்திரைக்காரர்களில் 63. இதுவா நிரந்தரம்?

நாடிபிடி: 63-ஐ விட 53 குறைவு என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித்தரவில்லையா? பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி இனத்துக்குக் குட்டியாக இருக்கும்போதே ஏசிஇ தடுப்பு மருந்து (இதுவும் ஒருவகை பிரஷர் மருந்துதான்) கொடுத்து நிறுத்திய பிறகும் பிரஷர் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே நின்றது. குழாய்ச் சுவர் தடிக்கும் முன்பே பிடித்துவிட்டால் அப்படித்தான்.

கறார்கண்ணன்: எலியை விடுங்கள், 53.2-க்கு வாருங்கள். அந்த ஆய்வில் ஒருவரை ஒருமுறை நோயாளி என்று எண்ணிவிட்டால் கடைசிவரை எண்ணிக்கையில் இருப்பார், அதனால் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் விழுந்த வித்தியாசம் நாலாம் வருடத்துக்கும் ஒட்டிக்கொண்டே வரும். அப்படியிருந்தும் மிஞ்சியது பத்தே பத்து.

சுண்டெலி: எலிகளை இழிவாகப் பேசுவதைக் கண்டிக்கிறேன்.

நாடிபிடி: கொழுப்பு மாத்திரை விவாதத் திரியில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் தீரவில்லை போல. பிரஷர் மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஷெப் ஆய்வு தெரியுமா? ஒரு மாத சிகிச்சைக்கு ஒரு நாள் ஆயுள் கூடியது, 22 வருடம் கழித்து எண்ணியதில்!

கறார்கண்ணன்: நானா வாங்கிக் கட்டிக்கொண்டேன்? அந்தத் திரியை யாராவது மேலே கொண்டுவாருங்கள், பார்ப்போம். ஷெப்பில் இருந்தவர்கள் எல்லாரும் 60 தாண்டியவர்கள், ஆய்வு முடிந்ததும் வெற்று மாத்திரைக் கோஷ்டிக்கும் சேர்த்து மருந்து சாப்பிடச் சொன்னார்கள். இதில் "ஆரம்பத்திலேயே" எங்கே, "நிறுத்திவிடலாம்" எங்கே?

மழைக்காகம்: சிகிச்சையில் இதயச் சுவரின் தடிமன் குறையும் என்பது இரண்டு பேருக்குமே சம்மதம்தானே? நிரந்தரம் என்றால் எத்தனை வருடம் என்று முதலில் முடிவு செய்யலாமே.

கறார்கண்ணன்: நடுவர் வேலைக்கு யாரும் ஆள் கேட்கவில்லை. 53.2.

நாடிபிடி: 63.

சுண்டெலி: அந்தக் கொழுப்புத் திரி கிடைத்துவிட்டது. கண்ணன் அண்ணே, 4-ஆம் பக்கத்தில் நீங்களே எலி ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள்.

கறார்கண்ணன்: அது வேறு எலி.