சைக்கிள் டிரெய்லர் இறக்கத்தில் ஆடுது, என்ன காரணம்?

கேள்வி: இரண்டு சக்கர டிரெய்லர், 20 இன்ச் வீல். 25 கிலோ அரிசி மூட்டை ரெண்டு ஏத்தினா இறக்கத்துல வால் ஆட்டுது. எங்கே தப்பு?

பதில் 1: கனம் பின்னால் போயிருக்கும். டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் மூட்டையை வையுங்கள். இணைப்புக் கம்பியைத் தூக்கினால் 4–5 கிலோ கனம் கையில் தெரியணும். பின்கனமானால் கம்பி சைக்கிளின் பின்சக்கரத்தை மேலே தூக்கும்; ரோட்டுப் பிடிப்பு போய்விடும்.

பதில் 2: டிரெய்லரை இணைக்கிற கொக்கி சீட் கம்பத்துல இருந்தா கழட்டி சைக்கிளோட பின் அச்சுல மாட்டுங்க. உயரம் குறைஞ்சா சைக்கிளைச் சாய்க்கும் இழுப்பும் குறையும். ரெண்டு டயர்லயும் காத்து ஒரே அளவா?

பதில் 3: ரப்பர் கயிறு வேண்டாம், நீளும், வளைவில் மூட்டை நகரும். ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் நீளாத பட்டை)தான் சரி. பிரேக்கை இறக்கம் தொடங்கும் முன்பே பிடியுங்கள். நடுவில் திடீரென்று அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி மடக்கிவிடும், வளைவில் இன்னும் மோசம்.