காசிமேட்டுக் கதைக்குச் சென்னைத் தமிழ் வசனம்: எங்கே இடறும்?

நெல்லைக்காரன்:
20 நிமிட ஒலி நாடகம் ஒன்று. களம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், காலம் இன்றைக்கு. மீன் விற்கும் பாட்டி, ஆட்டோ ஓட்டும் மகன் (40 வயது), கல்லூரி போகும் பேரன் என்று மூன்றே பாத்திரங்கள். நடிப்பவர்கள் எல்லாரும் தென்மாவட்டத்துக்காரர்கள். மகன் பேரனிடம் பேசுவதாக எழுதியது: "இன்னா நைனா, கஸ்மாலம்! எங்கே போய்க்கினு இருக்கே? பேஜார் பண்ணாதே, அப்பாலே வா." வாசித்தால் பழைய சினிமா வாடை அடிக்கிறது. எதை வெட்ட, எதை வைக்க?

கல்மண்டபம்:
கஸ்மாலத்தை முதலில் வெட்டுங்கள். சந்திரபாபு, லூஸ் மோகன் காலத்துத் திரைப் பேச்சோடு ஒட்டிப்போன சொல் அது. இன்று யாராவது சொன்னால் வேண்டுமென்றே நக்கலுக்குச் சொல்வதுதான். (சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல், கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணரே அர்ஜுனனிடம் 'கச்மலம்' என்கிறார்.) பேஜார் பாட்டி வாயில் நிற்கும், மகனுக்கு 'காண்டு' போடுங்கள். கலீஜு, உஷாரு, நாஸ்டா மூன்றும் இன்னும் புழக்கத்தில் உண்டு, தயங்காமல் வைக்கலாம்.

ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் ஊர் வராது. சென்னைத் தமிழ் உட்கார்ந்திருப்பது வினையில். இருக்கிறேன் என்பது கீறேன், இருக்கிறான் கீறான், இருக்கிறது கீது. வெளியூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான்: நிகழ்காலத்தைத் தாண்டி 'கீ' போகாது. 'இருந்துச்சி', 'இருப்பான்' எல்லாம் அப்படியே இருக்கும், எதிர்மறைக்கு 'இல்ல'தான். இன்னொன்று, 'கீது' சென்னைக்கே சொந்தமில்லை, வேலூர் பக்கமும் கேட்கலாம்.

'போய்க்கினு இருக்கே' என்று பிரித்து எழுதினால் நடிகர் பிரித்துத்தான் பேசுவார். பாட்டிக்கு 'போய்கினுகீற', மகனுக்கு 'போய்னுகீற', பேரனுக்கு 'போய்ன்னு இருக்க'. மூன்று தலைமுறையையும் இந்த ஒரு வினையிலேயே காட்டிவிடலாம்.

உங்கள் வரி இப்படி வரும்: "இன்னாடா, எங்க போய்னுகீற? காண்டாக்காத, அப்றமா வா."

சவுண்டு ரூம்:
உச்சரிப்பில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள்.

நடுவில் வரும் குறில் விழுந்துவிடும். எடுத்து எட்து ஆகும், குடுத்தான் குட்தான், அடிச்சு அட்ச்சி, குடிச்சான் குட்ச்சான். ஸ்கிரிப்டிலேயே இப்படி எழுதிக் கொடுங்கள். 'எடுத்து' என்று எழுதிவிட்டு "கொஞ்சம் வேகமா சொல்லுங்க" என்றால் வேகமான நெல்லைத் தமிழ்தான் கிடைக்கும்.

அடுத்தது வூடு, வுடு. எல்லா 'வி'யையும் 'வு' ஆக்கிவிடுகிறார்கள், காதில் அறைகிற மாதிரி இருக்கும். ப, ம, வ-வுக்குப் பின் இ அல்லது எ ஒலி வந்து, அடுத்த எழுத்து ட, ண, ள, ழ, ற ஆக இருந்தால்தான் அநேகமாக மாறும்: வீடு வூடு, பிடி புடி, வேணும் வோணும், மிளகாய் மொளகா, பிறகு பொறவு. விலைக்கு அந்தச் சூழல் இல்லை, அது 'வெல'. மீன் விற்கும் இடத்தில் இந்தச் சொல் இருபது தடவையாவது வரும், அதனால் சொல்கிறேன்.

ழகரம்: வாயப்பயம், கெயவி, கோயி என்பது பாட்டிக்கு மட்டும். பேரன் வாயில் அது 'வாளப்பளம்'.

தங்கசாலை:
விளிகளையும் பாருங்கள். வடசென்னையில் 'வாக்கா', 'ஒரு டீ குடுண்ணா' என்பது மரியாதைக் குறைவு அல்ல. உறவுச்சொல்லே மரியாதையைச் சுமக்கும், வினை ஒருமையில் இருக்கலாம். நடிகர்கள் பழக்கதோஷத்தில் 'குடுங்கண்ணா' என்பார்கள், பிடித்து நிறுத்துங்கள். ஆட்டோ ஏறும் ஆளிடம் மட்டும் மகன் 'வாங்க சார்' என்பார்.

'நைனா' தெலுங்கில் அப்பா. இங்கே மகன் தன் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் சினிமாதான். பாட்டி பேரனைக் கொஞ்சும்போது இருக்கட்டும்.

திட்டு தேவைப்பட்டால் கேப்மாரி மட்டும் வேண்டாம். அது ஒரு சமூகத்தின் பெயர். குற்றப் பரம்பரைச் சட்டம் போட்ட முத்திரையால் வசவானது. தமிழகச் சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. பாட்டிக்குத் திட்ட 'கய்த' போதும், செல்லத்துக்கும் அதுவே ஆகும்.

நெல்லைக்காரன்:
நன்றி. 'வரச்சொல்ல' என்றால் வரும்போது என்று அர்த்தமாமே? எங்கள் ஊர்க்காரர்கள் 'வருமாறு சொல்ல' என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? அப்புறம் 'அவனிடம்' என்பதற்கு எங்கள் 'அவன்ட்ட' நாக்கில் வந்துகொண்டே இருக்கிறது.

கல்மண்டபம்:
குழம்புவார்கள்தான். அதனால் ஆளை எழுவாயாக வைக்காதீர்கள். "நேத்து மய வரச்சொல்ல" என்று எழுதுங்கள், மழையை யாரும் வரச் சொல்ல மாட்டார்கள். 'வரச்சே' போட்டுவிடாதீர்கள், பாட்டி காசிமேட்டிலிருந்து மேற்கு மாம்பலத்து அக்ரஹார வீட்டுக்குப் போய்விடுவார்.

'அவன்ட்ட' என்பது 'அவனாண்ட' அல்லது 'அவன் கைல'. 'அவன் கைல சொல்லு' என்றால் அவனிடம் சொல். இடத்துக்கும் 'ஆண்ட'தான்: வூட்டாண்ட, கேட்டாண்ட. ஆளை 'இட்டாந்தேன்', பொருளை 'எட்தாந்தேன்'. மாற்றிப் போட்டால் மீன் கூடையைக் கைபிடித்துக் கூட்டிவந்த மாதிரி இருக்கும்.

பாட்டிக்கு ஒரு மாதிரி: "இன்னாம்மா வோணும்? காலீல எட்தாந்த மீனு, தொட்டுப் பாரு. வஞ்சிரம் வெல சாஸ்தி, அதுக்கு இந்த சங்கராவே தாவல. கூறு நூறு ரூவா, கொறைக்கச் சொல்லி என் கைல பேசாத." தாவல என்றால் பரவாயில்லை, இதுவே மேல். உங்கள் பக்கம் சீலா, நெய்மீன் என்பதை இங்கே வஞ்சிரம் என்றே போடுங்கள்.