86 வயதில் காலமான அம்மாவுக்காக இன்னும் அழுகிறேன், இது இயல்புதானா?

கேள்வி:
என் அம்மா கடந்த தை மாதம் தம் 86ஆம் வயதில் காலமானார். கொள்ளுப்பேரன் வரை பார்த்துவிட்டார், இது கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் தேற்றினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணனும் கடையைத் திறந்துவிட்டார். படுக்கையில் விழுந்தபின் அம்மா என் வீட்டில்தான் இருந்தார். முதுகில் புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமான விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு இன்றும் விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு அழுகைதான். எனக்கே 58 வயது. இதில் ஏதேனும் கோளாறு உண்டா?

மறுமொழி 1:
இயல்புதான், சகோதரி. கொள்ளி வைப்பது முதல் அஸ்தி கரைப்பது வரை மகனுக்குச் செய்வதற்குக் காரியங்கள் இருக்கின்றன. மகளோ பெரும்பாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதிலும் பந்தி கவனிப்பதிலும் அந்த நாள்களைக் கழித்துவிட்டுக் கணவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். முன்பு கிராமத்தில் மகள் தாய் பட்ட பாட்டையும் தன் மனக்குறையையும் பெயர் சொல்லி ஒப்பாரி வைப்பாள், சுற்றியிருக்கும் பெண்கள் கட்டிக்கொண்டு கூடவே அழுவார்கள். இன்று பல வீடுகளில் அதற்கும் ஆளை அமர்த்திவிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. அண்ணன் சீர் செய்வார்; ஆனால் "எப்போது வருகிறாய்?" என்று கேட்க அம்மா இல்லாத பிறந்த வீட்டுக்கு நாம் விருந்தாளிகளாகத்தான் போகிறோம்.

மறுமொழி 2:
மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் தணியாமல், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மிஞ்சி, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் துயரத்தைத்தான் கோளாறு எனக் கொள்கிறது. ஆகவே மாதக் கணக்கைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சமைக்கவும் வெளியே செல்லவும் உறவினரோடு பேசவும் முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்றாலோ தயங்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை அழையுங்கள். கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மறுமொழி 3:
நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். எங்கள் அம்மா வலியில் முனகுவதைக் கேட்க மாட்டாமல், "கடவுளே, சீக்கிரம் கூட்டிக்கொள்" என்று நாங்கள் அக்கா தங்கைகள் மூவருமே வேண்டியிருக்கிறோம். அம்மா போனபின் அந்த வேண்டுதல்தான் எங்களை அதிகம் வாட்டியது; ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே சற்றுத் தூங்க முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஏதேனும் இருந்தால், அம்மாவை அருகிலிருந்து பார்த்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். வருடத் திதிக்கு அண்ணன் அழைக்கட்டும் என்று காத்திராமல், நீங்களும் உடனிருந்து செய்ய விரும்புவதை இப்போதே அவரிடம் தெரிவியுங்கள்.