ஏற்காடு மலையைக் கியர் இல்லாமல் ஏறியது கணக்கில் வருமா, வராதா?

ஒத்தைப்பல்லு:
இந்த சைக்கிள் மன்றத்துல வேற இழையில ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து சோறு இறங்க மாட்டேங்குது. "கியர் இல்லாத சைக்கிளில் ஏற்காடு ஏறினேன் என்பவர்கள் எல்லாம் பாதி மலையைத் தள்ளிக்கொண்டு போனவர்கள்தான்"னு எழுதியிருக்காரு. நான் ஏறியிருக்கேனுங்க. அடிவாரம் செக்போஸ்ட்டுல மிதிக்க ஆரம்பிச்சு மேல ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும், 20 கொண்டை ஊசி வளைவும் தள்ளாம. முன்னாடி பல்சக்கரத்துல 44 பல்லு, பின்னாடி 18. கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், கம்பி பிரேக்கு எதையும் கழட்டல. இதைப் பொய்னு சொல்றவர் முகத்தைக் காட்டிப் பேசட்டும்.

குரங்குச்சாவடி ரோடி:
எழுதியது நான்தான். 44க்கு 18 என்றால், 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்று மிதிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். என் வண்டியின் கடைசிக் கியர் 34க்கு 32, ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான். அதிலேயே எனக்கு நாக்கு தள்ளுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. உங்கள் வண்டியில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு சுற்றும் முட்டியைப் பிடுங்கும். சரி, ஏறினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 60 அடி பாலத்தில் நின்றீர்களே? நான் இறங்கி வரும்போது என் கண்ணால் பார்த்தேன்.

ஒத்தைப்பல்லு:
நின்னேன். தண்ணி குடிக்க நின்னேன். சீட்டை விட்டு எறங்கல. இடது கால் பாலத்துக் கைப்பிடிச் சுவர் மேல இருந்துச்சு. ரோட்டுல படல.

கன்னங்குறிச்சி எம்டிபி:
சுவர் என்ன ஆகாயத்துலயா இருக்கு? ஊன்றினது ஊன்றினதுதான் அண்ணா.

ஒத்தைப்பல்லு:
தம்பி, சுவர் மேல வச்சது வேற, ரோட்டுல ஊன்றினது வேற. அடிவாரம் வரைக்கும் கார்ல சைக்கிளைக் கட்டிக் கொண்டுவந்து இறக்குற கூட்டம் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் வீட்டுல இருந்தே மிதிச்சு வந்து ஏறினவன்.

குரங்குச்சாவடி ரோடி:
காரில் வருவதற்கும் கால் ஊன்றியதற்கும் என்ன சம்பந்தம்?

ஒத்தைப்பல்லு:
சம்பந்தம் இருக்கு. உங்களுக்கெல்லாம் சைக்கிள்ங்கிறது ஞாயித்துக்கிழமை சாமான். லீ பஜார்ல மூட்டை கட்டிக்கிட்டுப் போறவங்க ஓட்டுறதும் இதே வண்டிதான். அவங்களை நீங்க சைக்கிளிஸ்ட்னே சேர்க்க மாட்டீங்க. வரலாறும் தெரியாது உங்களுக்கு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1903ல தொடங்கினது. 1937 வரைக்கும் அதுல கியர் மாத்துற டிரெய்லியரை விடவே இல்ல. 1910ல டூர்மலே கணவாயை, 2,115 மீட்டரு, அந்தக் கால வண்டியிலதான் ஏறினாங்க. பந்தயக்காரரு லாபிஸ் முதல்ல உச்சிக்குப் போனாரு, தள்ளிக்கிட்டு. இன்னொருத்தரு காரிகூ இறங்காமலே ஏறினாரு, அதுக்கு 100 பிராங்க் தனிப் பரிசு கொடுத்தாங்க. கியர் இல்லாம மலை ஏற முடியாதுன்னு யாரு சொன்னது?

குரங்குச்சாவடி ரோடி:
நல்ல உதாரணம். காரிகூ எந்தச் சுவர் மேல் கால் வைத்தார்? அப்போது பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் இருந்தது. மலை வந்தால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவார்கள். உங்கள் 18 பல்லுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது?

ஒத்தைப்பல்லு:
மறுபக்கம் என் தொடை இருக்கு.

மூக்கனேரி பிரெவே:
நீண்ட தூரம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பிரெவேயில், அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தில், 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். வழியில் டீ குடிக்கலாம், பரோட்டா சாப்பிடலாம், படுத்துத் தூங்கலாம். 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்கே 90 மணி நேரம் தருகிறார்கள். கால் எங்கே ஊன்றினாய் என்று யாரும் கேட்பதில்லை. மலை உச்சியில் போட்டோ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சண்டையெல்லாம்.

கன்னங்குறிச்சி எம்டிபி:
வந்துட்டாரு மட்கார்டு தாத்தா. தூங்குறதுக்கும் மெடல் வாங்குற கோஷ்டி.

மூக்கனேரி பிரெவே:
மரியாதையாகப் பேசுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க்கு மாட்டிய வண்டியில் ஐந்து ரோடு டீக்கடைக்குப் போகிறவர் எம்டிபி (மலை சைக்கிள்) என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.

கன்னங்குறிச்சி எம்டிபி:
குப்பனூர் வழியா ஒரு தடவை வாங்க, யாரு டீக்கடைன்னு பார்ப்போம். மெயின் ரோட்டுல ஏறுறதெல்லாம் ஒரு ஏத்தமா?

ஒத்தைப்பல்லு:
குப்பனூர்ப் பேச்சு இப்ப எதுக்கு? என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சக்கரம் ஓர் அடி பின்னாடி வந்துச்சா? இல்ல. சீட்டை விட்டு எறங்கினேனா? இல்ல. ரோட்டுல கால் பட்டுச்சா? இல்ல.

குரங்குச்சாவடி ரோடி:
வண்டி நின்றதா? நின்றது. எதன் மேலாவது ஊன்றி நின்றீர்களா? ஆமாம். முடிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வளைத்து வளைத்துத்தான் ஏறினீர்கள். ஏற்றம் குறையும், சரி. மேலிருந்து பஸ் வந்தால் டிரைவர் எங்கே ஒடிப்பார்? சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் கெட்ட பெயர் உங்களால்தான்.

ஒத்தைப்பல்லு:
இடது பக்கம் திரும்புற வளைவுல உள் ஓரம் செங்குத்தா நிக்கும். பஸ் சத்தம் இல்லைன்னா வெளி ஓரம் போவேன், ஹாரன் கேட்டா உள்ள வந்துடுவேன். காதுல பாட்டு மாட்டிக்கிட்டு ஏறுறது நான் இல்ல. எனர்ஜி ஜெல் குடிச்சிட்டு உறையை வளைவுக்கு வளைவு போட்டுட்டுப் போறதும் நான் இல்ல. குரங்கு அதை நக்கிக்கிட்டு உக்காந்திருக்கு.

குரங்குச்சாவடி ரோடி:
நான் உறையை ஜெர்சிப் பையில்தான் போடுவேன். ஆதாரம் இல்லாமல் பேசாதீர்கள். இறங்கும்போது உங்கள் கம்பி பிரேக்கின் கதை என்ன? பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. ஸ்டீல் ரிம் மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. அதில் 20 வளைவு இறங்குவது வீரம் இல்லை.

ஒத்தைப்பல்லு:
மழையில இறங்க மாட்டேன். வெயில் வர்ற வரைக்கும் ஏரிக்கரையில உக்காந்திருப்பேன். பிரேக்கைப் பத்திப் பேசுறவருக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். கோரிமேட்டுல நான் காத்து இறங்கி நின்னப்ப, "என் பம்ப் உங்கள் வால்வுக்குச் சேராது"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. சேரும். உங்க ரேஸ் சைக்கிளோட பிரெஸ்டா பம்ப்பு நம்ம டன்லப் வால்வுக்கு அப்படியே சேரும். மனசுதான் சேரல.

ப்ளஸ் ஒன்:
அண்ணா, எனக்கு ஸ்கூல்ல கொடுத்த அரசு சைக்கிள் இருக்கு. அதுல ஏறலாமா? பின்னாடி 22 பல்லு மாத்தினா முடியுமா?

அழகாபுரம் மோட்டார்:
பேட்டரி சைக்கிள் வாங்குங்க எல்லாரும். சிரிச்சுக்கிட்டே ஏறலாம்.

குரங்குச்சாவடி ரோடி:
மோட்டார் வைத்தவருக்கு இந்த இழையில் வேலை இல்லை.

ஒத்தைப்பல்லு:
அதை மட்டும் சரியாச் சொன்னீங்க. ஆனா சுவருக்குப் பதில் வரல.

குரங்குச்சாவடி ரோடி:
சுவர் நெடுஞ்சாலைத் துறை கட்டியது. பாலத்தோடு சேர்ந்தது. பாலம் ரோட்டோடு சேர்ந்தது. ஆகவே நீங்கள் ரோட்டில்தான் கால் ஊன்றினீர்கள்.

ஒத்தைப்பல்லு:
அப்படின்னா நீங்க 40 அடி பாலத்துக்கிட்ட மைல்கல்லைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினது? நானும் பார்த்தேனுங்க.

குரங்குச்சாவடி ரோடி:
அது கை. ஷூவின் அடியில் உள்ள கிளீட் பெடலில்தான் மாட்டியிருந்தது.

ஒத்தைப்பல்லு:
கைன்னா கணக்கு இல்ல, காலுன்னா கணக்கா? எந்த ஊரு நியாயம்?