புதுப்பிப்பு: திடல் நடைக்கு ஒரு திருத்தம்
பேராக்கின் சுங்கை சிப்புட் திடலில் மறுபடி நடக்கத் தொடங்குவோர் முதல் நாளே 45 நிமிடம் நடக்கலாம் என்று முன்பு எழுதியது தவறு. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரலாம். மூச்சு சீக்கிரம் பழகும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிடம், ஐந்து நாள். பிறகு ஒவ்வொரு வாரமும் அன்றாட நடையில் 5 நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் வந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். செம்பனைத் தோட்டத்துச் சரளைச் சாலைக்குச் சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடுங்கள்.

வயிற்றுக் கொழுப்பை அறிய, தராசை விட இடுப்பளவே நம்பகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்கணும்: ஆண்கள் 90, பெண்கள் 80 செ.மீ.க்குள். தயவுசெய்து யாரையும் ‘குண்டு’ என்று கூப்பிடாதீர்கள். கேலிக்கு அஞ்சியே பலர் திடல் பக்கம் வருவதில்லை.